குடியேற்ற நிபுணர் வருகிறார்

பள்ளிக்கூடக் கொட்டகையில் எள் விழ இடமில்லை.

மேடையோரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்புசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை.

முந்திய இரண்டு தோட்டங்களில் காக்கை குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. பாச்சாங்கில் புதிதாகத் திறந்திருந்த தனியார் கல்லூரிக்கு ஆள் சேர்க்க வேண்டும். அதற்காக, அங்கே பாடம் நடத்தும் பேராசிரியர்களின் பெருமையைத் தோட்டம் தோட்டமாகப் பரப்புவதுதான் அவருடைய உத்தியோகம். கல்லூரி முதல்வர் கணேசமூர்த்தி நேற்றுக் கறாராகவே சொல்லிவிட்டார்.

“நம்ம ப்ரொபசர் எவ்வளோ பெரிய ஆளுன்னு யாருக்குமே தெரியல லா. நாளைக்கும் கூட்டம் சேரலன்னா நீங்க வேற வேல பாத்துக்குங்க.”

ஐம்பதை நெருங்கும் வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது? திரும்ப அந்த அரசாங்க வேனுக்கா? அதற்குப் பட்டினி கிடக்கலாம்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் தொடங்கியதிலிருந்து அரசாங்கத்தின் ஒலிபெருக்கி வேனில் தமிழில் பேசியவர் தம்புசாமிதான். அலோர் காஜா வட்டாரத்தில் அவர் முகத்தை அறியாதவர்கள் உண்டு. குரலை அறியாதவர்கள் இல்லை. முதல்வர் அவரை வேலைக்கு எடுத்ததே அந்தக் குரலுக்காகத்தான்.

யோசித்துப் பார்த்ததில் கோளாறு எங்கே என்று அவருக்குப் பிடிபட்டது. விளம்பரம் அனுமார் வால் மாதிரி நீண்டு கிடந்தது. பேராசிரியர் சிவசாமி வாங்கிய பட்டங்கள், தமிழர்கள் கப்பலேறி வந்து மலாயாவில் குடியேறிய கதையை அவர் ஆராய்ந்து எழுதியது, லண்டன்காரர்கள் அதை மெச்சியது. விடியுமுன்னே எழுந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்தவன் இதையெல்லாம் நின்று கேட்பானா?

எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார். இன்று காலை கல்லூரி வேன் தோட்டத்துக்குள் நுழைந்ததும், நறுக்கென்று ஒரே அறிவிப்பு.

“குடியேற்ற நிபுணர் வருகிறார். மாலை எல்லாரும் பள்ளிக்கூடக் கொட்டகைக்கு வந்து சேரவும்.”

வந்து சேர்ந்துவிட்டார்கள். கைக்குழந்தைகூட பாக்கியில்லை. பெண்கள் இருப்பதில் நல்ல சேலையாக உடுத்தியிருந்தார்கள். அந்தப் புழுக்கத்திலும் சில ஆண்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டிருந்தார்கள். பெரிய மனிதர் வருகிறார் என்று மரியாதை போலும்.

பேராசிரியர் பேசினார். நாகப்பட்டினம், கப்பல், கங்காணி என்று விலாவாரியாகப் பேசினார். கூட்டத்தில் ஒரு தும்மல் இல்லை. சிணுங்கிய பிள்ளையின் வாயைத் தாய் பொத்தினாள். படிப்பின்மேல் இவ்வளவு பற்றா என்று பேராசிரியருக்கே குரல் தழுதழுத்தது.

கணேசமூர்த்தி வந்து தம்புசாமியின் முதுகில் தட்டினார். வேலை நிலைத்துவிட்டது. தம்புசாமி வாய்விட்டுச் சிரித்தார், பல நாளைக்குப் பிறகு.

யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் பேராசிரியர்.

முன்வரிசையில் பால்மரம் வெட்டும் முனியாயி இடுப்பில் பிள்ளையோடு எழுந்தாள். பேராசிரியரை அவள் பார்க்கவில்லை. தம்புசாமியைப் பார்த்தாள்.

“லோரி எத்தன மணிக்கு வரும், ஐயா?”

பேராசிரியர் பூரித்துப் போனார். கல்லூரிக்கு வந்துபோக வண்டி கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். எல்லாம் ஏற்பாடு செய்துவிடலாம் என்று கணேசமூர்த்தி பெரிதாகத் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் பின்வரிசையில் யாரோ விசும்பத் தொடங்கினார்கள்.

தம்புசாமி மைக்கை இறக்கினார். திரும்பி, சன்னல் வழியே தொழிலாளர் லயத்து வீடுகள் பக்கம் பார்த்தார்.

வாசலுக்கு வாசல் பானை சட்டிகள் சேலையில் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. பாய்கள் சுருட்டியிருந்தன. கூடைக்குள் கோழிகள் அடைந்திருந்தன. ஒரு வீட்டில் கதவையே கழற்றிச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள்.

காட்டோரத்து லயங்களில் இருந்தவர்களை கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுத்துவிடுவார்கள் என்று லோரியில் ஏற்றி, இந்தத் தோட்டத்து முள்வேலிக்குள் கொண்டுவந்து இறக்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. அன்றைக்கு வேனில் பேசியதும் இதே குரல்தான். சொன்னதும் இதே சொல்தான், குடியேற்றம்.

அவருக்கு அவமானமாக இருந்தது. அழுகையாகவும் வந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“லோரி எதுவும் வராது. யாரும் எங்கயும் போக வேணாம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

ஒருவரும் அசையவில்லை.

முனியாயி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பணிவாகக் கேட்டாள்.

“எந்த வீட்டுக்குங்க?”