புகை போகும் பக்கம்

முதலில் எனக்குத் துரோகம் செய்தது என் மச்சான்தான். பெண்டாட்டியோடு கூடப் பிறந்த அண்ணன்.

சாயப்பட்டறையில் அவருக்கு முன்னால் சேர்ந்தவன் நான். மேஸ்திரி வேலை எனக்கு வந்திருக்க வேண்டும். அவருக்குப் போயிற்று. நான் பாய்லருக்கு விறகு தள்ளுகிறவனாகவே நின்றேன்.

அதையாவது ஒழுங்காகச் செய்ய விட்டாரா?

பனிக்காலத்தில் இருட்டு பிரியும்போதே வந்து விறகை அடுக்கிவிட்டு நிற்பேன். மச்சான் முற்றத்தில் நின்று ஒரு சிகரெட்டைப் பற்ற வைப்பார்.

"இப்ப வேணாம் மாப்ள. கொஞ்சம் பொறு."

"நீராவி வரலைன்னு சாயத்தொட்டிக்காரங்க என்னைத்தான் ஏசுறாங்க."

"ஏசினா உடம்புல ஒட்டிக்குமா? பொறுன்னா பொறு."

அந்தச் சிகரெட்டை இழுக்கவும் மாட்டார். விரலிடுக்கில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டே நிற்பார். அது தீர்ந்தால் இன்னொன்று. வெயில் சுள்ளென்று ஏறின பிறகுதான், "ம், மூட்டு" என்பார்.

ஒருநாள் முதலாளி சீக்கிரமே வந்துவிட்டார். பாய்லர் சில்லென்று கிடந்தது.

"என்ன மேஸ்திரி, என்ன பண்றீங்க?"

"சிகரெட் பிடிக்கிறேன் முதலாளி."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தினமும் இதே கதைதானா?"

உள்ளதைச் சொன்னேன். "குளிர் நாள்ல எல்லாம் இப்படித்தான் முதலாளி."

மச்சான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றோடு அவர் வேலை போயிற்று. மேஸ்திரி வேலை எனக்கு வந்தது.

அடுத்த குளிர் நாளில் இலைகூட அசையவில்லை. நான் வந்த கையோடு பாய்லரை மூட்டினேன். முதலாளி முதுகில் தட்டினார். "இப்பதான்யா இது பட்டறை மாதிரி இருக்கு."

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். "உங்க வீட்டம்மாவுக்கு மூச்சு முட்டுது. சீக்கிரம் வாங்க."

பட்டறைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில்தான் என் வீடு. பள்ளம் நிறையப் புகை. என் வீட்டு வாசலே எனக்குத் தெரியவில்லை. அவள் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம்தான் வாய் திறந்தாள்.

"அண்ணன் இருந்திருந்தா இன்னிக்கு மூட்ட விட்டிருக்க மாட்டாரு."

"அவரா? சிகரெட்டும் கையுமா நிக்கிற ஆளு."

"அவரு சிகரெட்ட விட்டு ரொம்ப வருஷமாச்சுங்க. புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கத்தான் பத்த வைப்பாரு."

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "காத்து இல்லாத குளிர்ல, கீழே குளிர்ந்த காத்து தங்கிடுமாம். அதுக்கு மேல சூடான காத்து மூடி மாதிரி உக்காந்துக்குமாம். புகை மேல போக வழியில்லாம நம்ம பள்ளத்துல இறங்கிடும். வெயில் தரையைச் சுட வச்சாத்தான் அந்த மூடி திறக்கும்."

"என்கிட்ட ஏன் சொல்லல அவரு?"

"நான்தான் சத்தியம் வாங்கினேன். நீங்க மூட்டுற நெருப்புலதான் எனக்கு மூச்சு முட்டுதுன்னு தெரிஞ்சா, வேலைய உதறிட்டு வந்து நிப்பீங்க. அப்புறம் சாப்பாட்டுக்கு?"

இன்று காலையும் இலை அசையவில்லை. முற்றத்தில் நின்று ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தேன். புகை சாண் உயரம் எழும்பி, அப்படியே படுத்து, பள்ளத்துப் பக்கம் திரும்பியது.

"என்னய்யா, நீயுமா?" என்றார் முதலாளி.

"சிகரெட் பிடிக்கிறேன் முதலாளி."

வேலை தேடிப் போய்க்கொண்டிருந்த மச்சான் பட்டறை கேட்டுக்கு வெளியே நின்றார். என் கையைப் பார்த்தார். புகை போகும் பக்கத்தைப் பார்த்தார். அப்படியே நடந்துவிட்டார்.

முதலாளி கேட்டார், நான் சொன்னேன்; அதில் என் தப்பு என்ன? தங்கச்சிக்குச் சத்தியம் செய்தவர், தங்கச்சி புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த ஒரு வார்த்தையை அவர் இன்னும் எனக்குப் பாக்கி வைத்திருக்கிறார்.