காயாத மை

புது மருந்து ஏற்றிய மூன்றாம் எண் எலி நேற்று மாலை வரை தலையைத் தூக்க முடியாமல் கூண்டின் மூலையில் சுருண்டு கிடந்தது. இன்று காலை பரிமளா ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது, அது கம்பியைப் பிடித்து எழுந்து நின்று மீசையை ஆட்டியது. எந்த மருந்து ஒரே இரவில் இப்படி வேலை செய்யும்? அவளுக்கு மனசு கேட்கவில்லை. எலியைத் தூக்கிப் பார்த்தாள். அடையாளத்துக்கு வாலில் கோடு போடுவது அவள் வேலை. போன வாரம் போட்ட மூன்று ஊதாக் கோடுகளும் அப்படியே இருந்தன. ஒன்றை விரலால் தேய்த்தாள். போன வாரத்து மை எங்கேயாவது விரலில் ஒட்டுமா? ஒட்டியது.

"பாத்தியாம்மா, எப்படித் துள்ளுதுன்னு!" பின்னால் பேராசிரியர் சந்தானகிருஷ்ணன் நின்றிருந்தார். "நாளைக்கு மீட்டிங்ல இதைத்தான் காட்டப் போறோம்."

"சார், இது நம்ம எலிதானா?"

அவர் எலியைப் பார்க்கவில்லை, அவள் விரலைப் பார்த்தார். "கையில என்னம்மா, மையா?" என்றார் மெல்ல.

அவள் விரலை மடக்கிக்கொண்டாள். எலியைத் தொடும்போதுகூடக் கையுறை போடாத மனிதர், இன்று இரண்டு கையிலும் போட்டிருந்தார். 'அதைக் கழட்டுங்க சார்' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் கதவைத் திறந்து, வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்களை உரக்கக் கூப்பிட்டார்.

"எல்லாரும் கொஞ்சம் உள்ள வாங்க. யாரோ எலியை மாத்தியிருக்காங்க."