அண்டாவின் சுவர்ப்பக்கம்

அண்டாவை இப்படிப் புளி போட்டுத் தேய்த்த புண்ணியவான் யார் என்று வினோலியா சுற்றுமுற்றும் தேடினாள்.

வருடம் முழுக்க அது அருங்காட்சியகத்து மூலையில், அழுக்கேறி, சுவரைப் பார்த்தபடி நிற்கும். இன்றைக்கு மாதா கோயில் முற்றத்தில், அடுப்பின் மேல், புது மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது. விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய பேரை எட்டி நின்றே எழுத்துக் கூட்டிவிடலாம்.

ஸ்ரீவைகுண்டம் கா. குமரகுருபரன்.

அதற்கு நேர் எதிரே சித்ரலேகா நின்றார்.

பாளையங்கோட்டை அறக்கட்டளையிலிருந்து வந்தவர். தாமிரபரணிக் கரையில் எந்த ஊர்க்காரர்கள் நாலு பழைய சாமானைச் சேர்த்து அருங்காட்சியகம் என்று போர்டு மாட்டினாலும், கண்ணாடிப் பெட்டி கொடுத்து, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளவும் சொல்லித் தருகிற அறக்கட்டளை அது. ஆறு கடலில் சேருகிற இந்த ஊரில் வினோலியா பார்த்துக்கொள்ளும் ஒற்றை அறைக்கும் அவர்கள்தான் கூரை போட்டுக் கொடுத்தார்கள்.

சித்ரலேகா தங்கமான மனுஷி. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறார். சொந்தக்காரர் இன்னார் என்று தெரிந்தால், அவரைக் கேட்காமல் பொருளை வைத்திருக்கக் கூடாது. கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை வர வேண்டியவர், திருவிழாவையும் பார்த்துவிடலாமே என்று ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். ஒரு போன் போட்டுவிட்டு வந்தால் ஆகாதா?

தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் ஆற்றோடு மிதந்து வந்த அண்டா அது. அப்போது வினோலியா கைக்குழந்தை. இன்னாசி அண்ணாச்சிதான் வள்ளத்தில் போய்க் கயிறு போட்டு இழுத்து வந்தார். அந்த வாரம் முழுக்க ஊருக்கு அதில்தான் கஞ்சி. அப்புறம் வருடா வருடம் திருவிழா அசனத்துக்கு, ஊர் மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அந்தப் பந்திக்கு, அதில்தான் கறி வேகிறது.

ஸ்ரீவைகுண்டத்துக்குத் தினமும் பஸ் போகிறது. ஒருத்தராவது ஏறிப்போய் விசாரித்தார்களா? மூச்!

அருங்காட்சியகம் திறந்தபோது அட்டை எழுதியது வினோலியா. ‘கொழும்பிலிருந்து தோணியில் வந்த அண்டா.’ எழுதியது பொய்தான். அதற்காக அண்டாவை விட்டுவிட முடியுமா? வாடகைப் பாத்திரத்தில் ஆக்கினால் அது அசனமா?

சித்ரலேகா குனிந்து விளிம்பைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“ஏளா வினோலி, அந்தம்மா அங்கன என்னத்தப் பாக்குதாவ?” என்றார் கரண்டியோடு நின்ற இன்னாசி.

“நீங்க பேசாம கிண்டுங்க அண்ணாச்சி.”

உள்ளே ஆட்டுக்கறி தளதளவென்று கொதித்தது. சித்ரலேகா சுத்த சைவம். அந்த வாடைக்குத்தான் முகம் அப்படிப் போகிறது என்று நினைத்துக்கொள்ள வினோலியா ரொம்பவும் ஆசைப்பட்டாள். ஆனால் அவர் சிரித்தார். சத்தமே வராமல், தோள் குலுங்கக் குலுங்க, தனியாக நின்று சிரித்தார்.

பந்தியில் உட்கார்ந்து, சைவக்காரர்களுக்கென்று வைத்திருந்த சாம்பாரை ஊற்றி, இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். வினோலியாதான் இலையில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள்.

கை கழுவியதும் நேரே அருங்காட்சியகத்துக்குள் போனார். மூலையில் அண்டா இல்லாமல் அட்டை மட்டும் தொங்கியது.

“இந்த அட்டைய மாத்தணும் வினோலியா.”

போச்சு. அடுத்த வருடம் அசனத்துக்கு வாடகைப் பாத்திரம்தான்.

“ஆத்து வெள்ளத்துல வந்ததுன்னு எழுது.”

ஊரில் யாரும் வெளியாளிடம் வாய் திறந்திருக்க மாட்டார்கள். மாதா சத்தியமாகத் திறந்திருக்க மாட்டார்கள்.

“யாருக்கா சொன்னா?”

“எங்க வீட்ல சமையல் பாத்த தவசிப்பிள்ளை. அண்டாவ ஆறு கொண்டு போயிட்டுன்னு அன்னைக்கே தலையிலடிச்சுச் சொன்னாரு. வித்துத் தின்னுட்டாருன்னே அம்மா கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தா. பாவம், அந்தப் பேரோடயே போய்ச் சேந்தாரு. அவரு மக வீடு எனக்குத் தெரியும். நாளைக்கே போயிச் சொல்லணும்.”

வினோலியாவுக்கு எல்லாம் விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் அழுகை வந்துவிட்டது.

“கொண்டாந்து தந்திருதோம்க்கா.”

“முட்டைகூட வெந்தறியாத அண்டா அது. இப்ப ஊருக்கே கறி ஆக்கிப் போடுது. இங்கனயே இருக்கட்டும்.” அட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். “கீழ அன்பளிப்புன்னு போட்டு, விளிம்புல வெட்டிருக்க எங்க அப்பா பேர எழுது.”

“அவுக எப்பக்கா குடுத்தாவ?”

“இப்பத்தான்.”

சாயங்காலம் நாலு பேர் அண்டாவைக் கழுவித் தூக்கி வந்தார்கள். மூலையில் இறக்கியதும், இன்னாசி பழக்கதோஷத்தில் பேர் வெட்டிய பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்தார்.

வினோலியா இரண்டு கையாலும் பிடித்து அதை இந்தப் பக்கம் திருப்பினாள்.

“ஏளா, பேரு தெரியுது!”

“தெரியட்டும் அண்ணாச்சி.”