ஓடையில் கழுவாத டாங்கு

"ஏன்டா மூக்கா, காலடியில ஓடை ஓடுது. மருந்து டாங்கை முதுகுல சுமந்துக்கிட்டு மலை ஏறுறியே, பைத்தியமா ஒனக்கு?"

வேலையை மேற்பார்க்கும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கத்தினார். மூக்கன் நிற்கவில்லை.

தேயிலையில் கொப்புள நோய் பரவியிருந்தது. நாள் முழுக்கச் செம்பு மருந்து அடித்த ஆட்கள், டாங்குகளை ஓடையில் அலசிவிட்டு லயத்து வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மூக்கன் மட்டும் மேட்டில் தானே வெட்டிய குழிக்குப் போய், வாளித் தண்ணீரில் டாங்கைக் கழுவி, கசடைக் கொட்டி மண்ணைப் போட்டு மூடினார்.

"சொன்னா கேக்க மாட்ட. நாளையிலேருந்து மருந்தடிக்க வராத. மழைத்தண்ணி வடியுற கான் வெட்டப் போ!"

சேதி அவருக்கு முன்னே லயத்துக்குப் போய்விட்டது. வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் மனைவி வீரம்மா.

"குனிஞ்சா நிமிர முடியாத இடுப்பு. நீங்க கான் வெட்டுறதா? யாருக்காக இந்த வீம்பு?"

"செம்பு மக்காதாம் வீரம்மா. மருந்து அடிக்கக் கத்துக்குடுத்த ஐயா சொன்னாரு. தண்ணியோட போயி, கடைசியில சேத்துல தங்கிடுமாம். அங்க கெடக்குற நண்டு, மட்டியில எல்லாம் ஏறிடுமாம்."

"நண்டுக்கு இரக்கப்படுறீங்க. பெத்த புள்ள மேல அது இல்லையே!"

சொன்ன பிறகுதான் வீரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கருவாடு விற்க வந்தவனோடு மகள் பூரணி போய் மூன்று வருஷம். அன்றைக்கே 'தலைமுழுகிட்டேன்' என்றவர், அதன்பின் அந்தப் பேரை எடுத்ததே இல்லை. ஹட்டனில் கடை வைத்திருக்கும் ஹமீத் நானாவின் விலாசத்துக்குக் கடிதம் வரும். நானா வாசிக்க, வீரம்மா ஒருத்தியாக நின்று கேட்டு அழுதுவிட்டு வருவாள். மகள் இருக்கும் ஊர்ப் பேரைக்கூட வீட்டில் சொன்னதில்லை.

மூக்கன் கால் கழுவிவிட்டு வந்து அடுப்பருகே உட்கார்ந்தார். வெளியே நீண்டிருந்த விறகை உள்ளே தள்ளினார்.

"நம்ம ஓடைத் தண்ணி களனி கங்கையில விழுந்து, முகத்துவாரத்துலதான் கடல்ல சேருதாம்" என்றார் மெல்ல. "அந்தச் சேத்துலதான நம்ம பூரணி மட்டி பொறுக்கி ஆக்கித் திங்கிறா? மாசமா வேற இருக்காளாமே... நீ வந்து போனப்புறம், ஒவ்வொரு காயிதத்தையும் நானா எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுவாரு, வீரம்மா."