பறுவத்து இறைச்சி ஆணம்

“யன்னலையும் சாத்து தாவூது. வெளியில நிக்குது.”

“அது கழுதையடா!”

“கழுதைதான். எங்கட ஊர்ப்பக்கம் போய்வாற கழுதையோ, ஆருக்குத் தெரியும்?”

தாவூது எழுந்து யன்னலைச் சாத்தினார். அதன் பிறகுதான் யோகராசா கதிரையில் சாய்ந்தார். கொண்டுவந்த பை உரசிப் பிசுபிசுத்துப் போயிருந்த வேட்டியை நகத்தால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தார். அது போகிற வழியாய் இல்லை. விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையை அருகில் இழுத்துக்கொண்டார்.

தன் ஊரான அடம்பனில் அவர் பிள்ளையார் கோயில் நிர்வாகசபைத் தலைவர். வீட்டில் நான்கு பசுக்கள். நான்குக்கும் பெயர் வைத்து, பெற்ற பிள்ளைகளைப்போல் வளர்ப்பவள் மனைவி சிவபாக்கியம்.

“மாட்டிறைச்சி வாயில வைச்ச ஆள் என்ர படலை தாண்டக்கூடாது” என்று கலியாணமான மூன்றாம் நாளே சொன்னவள். சொன்னால் சொன்னதுதான். அவளுடைய உடன்பிறந்த தம்பியே ஒன்பது வருடமாகப் படலைக்கு வெளியே நின்றுதான் சுகம் விசாரித்துவிட்டுப் போகிறான்.

ஆனால் நாக்கு நிர்வாகசபையில் உறுப்பினர் இல்லையே. ஏழு வருடங்களுக்கு முன்னர், “ஒருக்கா ருசி பார்த்தால் என்னடா?” என்று தாவூதின் காதைக் கடித்தார் யோகராசா. தொடங்கிவிட்டது.

அன்றிலிருந்து அறுவடை முடிந்து வரும் மூன்று பறுவ நாட்களிலும் பஸ் ஏறி, பாலம் தாண்டி, மன்னார்த் தீவில் தாவூதின் எருக்கலம்பிட்டி வீட்டுக்கு வந்துவிடுவார். பறுவத்தைத் தெரிவு செய்தது அவருடைய மூளைதான். முழுநிலா நாளென்றால் நாடு முழுக்கப் போயா விடுமுறை, கந்தோர் பூட்டு, அடம்பன் சனம் மன்னார்ப் பக்கம் தலை வைத்தும் படுக்காது. ஊரிலோ, ‘ஐயா பறுவத்தில் சுத்த சைவம்’ என்று பெயர். இரண்டு பக்கமும் வேலி அடைத்த மாதிரி.

சிவபாக்கியமும் ஒவ்வொரு முறையும் தாவூதின் மனைவிக்கென்று வாய் கட்டிய உரப்பை ஒன்றைத் தந்தனுப்புவாள். “ஹமீதாட்டக் குடுங்கோ. பொம்பிளையளின்ர சாமான், அவிழ்க்காதேங்கோ.” அவர் அவிழ்த்ததில்லை. இப்படி ஒரு கள்ளம் வைத்திருப்பவன் மற்ற விசயங்களில் நல்ல கணவனாக இருக்கத்தானே வேண்டும்?

தாவூதின் மனைவி ஹமீதா சட்டியோடு ஆணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கறுத்துத் தடித்த குழம்பில் எண்ணெய் மிதந்தது. கறுவா வாசம் கூரை வரைக்கும் போனது.

“நல்ல துண்டெல்லாம் காசுக்காரர் தின்னட்டும்” என்றார் தாவூது. “ருசி மலிஞ்ச கால் இறைச்சியிலதான்ரா. கொஞ்சம் நார். மல்லியும் மிளகும் வறுத்துப் போட்டு, சின்ன நெருப்பில கிடக்கவிட்டு, கடைசியில வறுத்தரைச்ச தேங்காய். அது ஹமீதாட கை.”

“எலும்பு மட்டும் ஒருநாளும் வாறேல்லையே?”

“உனக்கெண்டு பார்த்துப் பொறுக்கிறது.”

யோகராசா ஒரு துண்டை விரலால் அமத்தினார். நார் நாராகப் பிரிந்தது. பிள்ளையாரிடம் வழமைபோல் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாயில் வைத்தார். இரண்டாம் துண்டுக்கும் சேர்த்தே கேட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய தொலைபேசி அடித்தது. கை முழுக்கக் குழம்பு. தாவூது ஒரு பொத்தானை அமத்தி மேசையில் வைக்க, சிவபாக்கியத்தின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“சாப்பிட்டாச்சோ?”

“ஓம்... பருப்பும் கீரையும்.”

“பருப்போ? ஏன், ஹமீதா இறைச்சி ஆணம் வைக்கேல்லையோ? துண்டு நல்லா அவிஞ்சிருக்கோ எண்டு பார்த்துச் சொல்லுங்கோ.”

மறுமுனையில் இருமல் மாதிரி ஏதோ கேட்டது. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

யோகராசாவின் கையில் இருந்த துண்டு கோப்பைக்குள் விழுந்தது.

“காட்டிக் குடுத்திட்டாய், என்ன?”

“யோகராசா, நான்...”

“நாப்பது வருசப் பழக்கமடா! என்ர மகளின்ர கலியாணத்தில மணவறைக்குப் பக்கத்தில உன்னைத்தானே இருத்தினனான்?”

தாவூது எழுந்து நின்றார். “வல்லாஹி! நீ மாட்டிறைச்சி திண்டனி எண்டு என்ர வாயால ஒரு சீவனுக்கும் சொல்லேல்ல.”

தாவூது ஆயிரம் கதை அளப்பார். பொய்ச்சத்தியம் மட்டும் செய்யமாட்டார். யோகராசா மெல்ல ஹமீதாவின் பக்கம் திரும்பினார். கண் கலங்கிவிட்டது.

“நீங்களோ, தங்கச்சி? உங்கட கையால சோறு போட்டுப்போட்டு... இனி நான் எந்த வீட்டுக்குப் போறது? மச்சானோட சேர்ந்து படலைக்கு வெளியில நிக்கிறதோ?”

ஹமீதா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அண்ணை, இண்டைக்குப் போயா. நாடு முழுக்க இறைச்சிக்கடை பூட்டு. ஏழு வருசமா நீங்கள் வாறது போயாவிலதான்.”

யோகராசா கோப்பையைப் பார்த்தார். பிரிந்து கிடந்த நாரைப் பார்த்தார். தாவூதைப் பார்த்தார். தாவூதோ, சாத்திய யன்னலுக்கு அப்பால் நிற்கும் கழுதை தன் கண்ணுக்குத் தெரிகிறமாதிரி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

“நான் பிள்ளையாரிட்டக் கேட்ட மன்னிப்பெல்லாம்?” யோகராசா கோப்பையைத் தள்ளிவைத்தார். “எல்லாரும் சேர்ந்து ஏமாத்திப் போட்டியள்! இது என்ன சாமான்? இதை ஆர் இந்த வீட்டுக்குள்ள கொண்டு வந்தது?”

ஹமீதா அவருடைய வேட்டிக் கறையைக் காட்டினாள்.

“அது பலாப்பால் அண்ணை. அவ்வளவு பிஞ்சுக்காயையும் உரப்பையோட பஸ்ஸில காவிக்கொண்டு வந்தது நீங்கள்தானே!”