தேனீ வளர்ப்பு நூல்களுக்குப் பின்னால்

நூலகவியல் பேராசிரியை மங்களேஸ்வரி, இடம் மாறிக் கிடக்கும் புத்தகங்களை ஆய்வுக்காக ஒரு மாதமாகக் குறித்துவந்தார். குறித்ததும் புத்தகத்தை உரிய இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவரே வகுத்த விதி. அன்று தேனீ வளர்ப்பு நூல்களுக்குப் பின்னால், அரசுத் தேர்வுக்கான கணக்குப் புத்தகம் ஒளிந்திருந்தது. நூலகத்தில் அது ஒன்றுதான் உண்டு. உள்ளே ஒரு சீட்டு: "பதினெட்டாம் தேதி தேர்வு. வேலை முடிந்து மூன்று மணிக்குத்தான் வர முடியும். தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்." அதன் கீழே வேறொரு கையெழுத்து: "எனக்கும் அதே தேர்வுதான். காலையில் படித்துவிட்டு இங்கேயே வைத்துவிடுகிறேன். நாற்பதாம் பக்கத்தில் விடை தவறு, முப்பத்தாறுதான் சரி."

தள்ளுவண்டியோடு வந்த ஊழியர் செபஸ்தியான் எட்டிப் படித்துச் சிரித்தார். "போட்டிக்கு நிக்கறவன் சரியான விடை சொல்வானாம்மா? கவுத்துவிடற வேலை. குடுங்க, இடத்துல வெச்சிடறேன்."

"கொஞ்சம் இருங்க, செபஸ்தியான்."

மங்களேஸ்வரி தரையிலேயே உட்கார்ந்து, ஆய்வுப் படிவத்தின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கைப் போட்டார். அடித்துவிட்டு மறுபடியும் போட்டார். முப்பத்தாறு வந்தது.

"என்னம்மா ஆச்சு?"

அவர் சீட்டை உள்ளே வைத்து, புத்தகத்தைத் தேனீ நூல்களுக்குப் பின்னால் வெளியே தெரியாதபடி தள்ளினார்.

"மணி மூணாகப்போகுது. வாங்க, நாம அடுத்த அலமாரிக்குப் போயிடலாம்."