கழன்று வராத சிரிப்பு

இந்தக் கதையில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. எஞ்சியிருக்கும் என் நான்கு பற்கள் மீது ஆணை.

புகார்ப் பிரிவுக்காரியின் முகத்தில் சிரிப்பு ஒட்டிக்கொண்டு ஆறு மாதமாகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கணவனோடு சண்டை போட்டபோதும் இறங்கவில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டுக் கண்ணாடியைத் துணிபோட்டு மூடிவிட்டாள். நாளுக்கு எண்பது பேரிடம் வசவு வாங்கினாலும் அவள் மேசையில் ஒரு புகாரும் தேங்கியதில்லை. போன மாதம் 'சிறந்த ஊழியர்' என்று அவளைப் படமெடுத்து, மேலாளரே தன் கையால் வாசல் சுவரில் மாட்டினார்.

அவரிடம் போய் நின்றாள். "சார், ஒரு மாசம் லீவு வேணும். ரொம்பத் தளந்துட்டேன்."

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விளையாடாதீங்கம்மா. எப்பவும் சிரிச்ச முகம், வேலையும் பிரமாதம். உங்களுக்கென்ன தளர்ச்சி?"

"வேலை நல்லாத்தான் இருக்கு சார். நான்தான் நல்லா இல்ல."

"அடுத்த வருஷம் பாக்கலாம்."

"நான் கேக்க வரல சார், சொல்லிட்டுப் போக வந்தேன். சிரிப்பு வேணும்னா சுவத்துல இருக்கு, பாத்துக்கோங்க."

பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள், இதுவரை ஏறெடுத்தும் பாராத தன் படத்தின் முன்னால் நின்றாள்.

படத்தில் அவள் அழுதுகொண்டிருந்தாள்.